வெள்ளிக்கிழமை வராத கை

கைப்பேசியை எங்கள் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அது கடித்துவிடும் என்பதுபோல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார் வந்தவர்.

"என் கம்ப்யூட்டருக்குள்ள யாரோ வர்றாங்க," என்றார். "என் பேர்ல."

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், நாணய மாற்றுக் கடைக்கு மேலே, மரப்படி ஏறினால் வரும் ஒற்றை அறைதான் எங்கள் துப்பறியும் நிறுவனம். எதிர்ப் புடவைக் கடையில் பாட்டுப் போட்டால் எங்கள் டம்ளர் ஆடும். நிறுவனம் என்றால் ஹபீபா பீவி. டெலிபோன் கம்பெனி ஒன்றின் மோசடிப் பிரிவில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டு, ஓய்வெடுக்கப் பிடிக்காமல் இதை ஆரம்பித்தவர். உதவியாளர் என்றால் நான், குகன். முன்பு மாலில் கைப்பேசிக்கு உறை விற்றுக்கொண்டிருந்தேன். அங்கே உட்கார நாற்காலி கிடையாது. இங்கே ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஒரு கால் ஆடும்.

"பேயா, திருடனா?" என்றேன் வந்தவரிடம்.

"தம்பி," என்றார் ஹபீபா அக்கா. என் பெயரை விட்டுவிட்டு வெறும் 'தம்பி' என்று அவர் சொன்னால், வாயை மூடு என்று பொருள்.

வந்தவர் பெயர் ஷஃபீக். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மருத்துவக் கருவி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் எஞ்சினியர். கம்பெனியின் பெயரை எழுதினால் எனக்கு வக்கீல் நோட்டீஸ் வரும், அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு ஆங்கிலமும் வராது. ஆகவே கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம்.

"நரம்புல மருந்து ஏத்துற பம்ப் செய்றோம்," என்றார் ஷஃபீக். "மருந்து தீரப் போகுதுன்னா அது பீப் பீப்னு கத்தணும். கத்தினாத்தான் நர்ஸ் ஓடி வருவாங்க. இப்ப வந்த சரக்குல நிறையப் பம்ப் கத்தல. நான் ஃபெயில் போட்டேன். பெட்டி பெட்டியா ஃபெயில் போட்டேன்."

"சரி."

"மறுநாள் பார்த்தா பாஸ்னு இருக்கு. கீழ என் பேரு. கொஞ்சம் கொஞ்சமா, தினமும் ரெண்டு பெட்டி, மூணு பெட்டின்னு மாறியிருக்கு. பாதிச் சரக்கு ஆஸ்பத்திரிங்களுக்குப் போயிடுச்சு அக்கா. அதெல்லாம் இப்ப யாரோ ஒருத்தர் கட்டில் பக்கத்துல ஓடிக்கிட்டு இருக்கு. தீர்ந்தா கத்தாது."

எதிர்க் கடையில் பாட்டு நின்றிருந்தது. இல்லை, நான்தான் கேட்பதை நிறுத்தியிருந்தேன்.

"மேலிடத்துல சொன்னீங்களா?"

"காமினி மேடம்கிட்ட சொன்னேன், அவங்கதான் தரப் பிரிவுக்குத் தலைவர். பதிவைத் திறந்து காட்டினாங்க. பாஸ் போட்டது என் கணக்கு. வெளியில இருந்து நுழைஞ்சது என் கணக்கு. நுழைய அனுமதி குடுத்தது என் போன். 'நீயே பாஸ் பண்ணிட்டு இப்ப பயந்துக்கிட்டு கதை விடுறியா'ன்னு கேட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு விசாரணை. அதுவரைக்கும் எதையும் தொடாதேன்னுட்டாங்க."

"ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூப்பிட்டுச் சொல்லலாமே," என்றேன். நல்ல யோசனைகள் எனக்கும் சில சமயம் வரும்.

"ஒண்ணுக்குக் கூப்பிட்டேன் தம்பி. அவங்க கம்பெனியக் கேட்டாங்க. 'அவர் மேல விசாரணை நடக்குது, அவர் பேச்ச எடுத்துக்காதீங்க'ன்னு கம்பெனி சொல்லிடுச்சு." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அது நான் இல்லைன்னு நிரூபிக்கிற வரைக்கும் ஒரு மெஷினும் நிக்காது. கடைசிப் பெட்டிங்க இன்னிக்குப் பாஸ் ஆயிட்டா சாயங்காலம் கண்டெய்னரும் கிளம்பிடும்."

ஹபீபா அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "உங்க பேர்ல பாஸ் போடுற அந்தக் கையை நீங்க பார்த்தீங்களா?"

"ஒரு தடவை. வயிறு சரியில்லன்னு தொழுகையில இருந்து பாதியிலயே திரும்பி வந்தேன். ஆபீஸ்ல யாரும் இல்ல. என் நாற்காலி காலி. கம்ப்யூட்டர்ல அம்பு மட்டும் தானா நகருது. பொறுமையா போய், என் பேர்ல கிளிக் பண்ணி, பாஸ் போட்டுது. நான் நின்னு பார்த்துக்கிட்டு இருக்கேன் அக்கா. ஆபீஸ்ல ஜின்னுன்னு பேசிக்கிறாங்க."

"ஜின்னுக்கு பாஸ்வேர்ட் தெரியுமா?"

"மாத்தினேன். அப்புறமும் வந்துது."

"புதுசை எங்க எழுதி வச்சீங்க?"

ஷஃபீக் தயங்கினார். "கீபோர்டுக்குக் கீழ."

"பழசு?"

"அதுவும் அங்கதான்."

ஹபீபா அக்கா கண்ணை மூடித் திறந்தார். சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. என் பாஸ்வேர்ட் என் கைப்பேசி உறையின் உள்பக்கத்திலேயே இருக்கிறது.

"அப்ப பாஸ்வேர்ட் ஊருக்கே தெரியும். மிச்சம் இருக்கிற ஒரே பூட்டு உங்க போன்தான்," என்றார் அக்கா. தன் மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார். "இங்க இருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள போய்க் காட்டுங்க."

ஷஃபீக் தட்டினார். கவிழ்ந்து கிடந்த கைப்பேசி மேசைமேல் நடுங்கியது. நான் திருப்பிப் பார்த்தேன். திரையில் ஒரு கேள்வி துடித்தது: உள்ளே நுழைவது நீங்கள்தானா? ஆம். இல்லை.

நான் 'ஆம்' என்று தட்டினேன்.

மடிக்கணினியில் பாயான் லெப்பாஸ் திறந்தது. அங்கே ஒரு காலி மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரின் முகம், இங்கே எங்கள் முன்னால். ஓரத்தில் ஒரு சின்னப் பெண், முன்பல் இரண்டும் இல்லாமல், சிரித்துக்கொண்டிருந்தாள். ஷஃபீக்கின் மகள் என்று கேட்காமலே தெரிந்தது. காதுகள் ஒரே அச்சு.

ஹபீபா அக்கா அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா தட்டினே?"

"கேட்டுச்சு அக்கா."

"உன்னையா கேட்டுச்சு?"

"இல்ல. ஆனா ஒண்ணு துடிச்சுக்கிட்டே இருந்தா எப்படிக்கா தட்டாம இருக்கிறது?"

திட்டு விழும் என்று தோளைக் குறுக்கினேன். அவர் சிரித்தார். ஹபீபா அக்கா சிரித்தால் யாரோ மாட்டப்போகிறார்கள் என்று அர்த்தம், இம்முறை நான் இல்லை என்று நம்பினேன்.

"பூட்டைத் திறக்க ஷஃபீக் தேவையில்ல," என்றார். "ஒரு விரல் போதும். எந்த முட்டாள் விரலா இருந்தாலும் சரி."

என் வேலையின் கௌரவம் இப்படித்தான்.

அந்தக் கை நுழைந்த நேரங்கள் எல்லாம் திரையில் வரிசையாக இருந்தன. எல்லாமே மதியம், லுஹர் தொழுகை நேரத்தில். ஒரு வெள்ளிக்கிழமைகூட இல்லை. தீபாவளி வந்த வாரம் முழுக்க இல்லை.

"பக்தியான பேய்," என்றேன். "வெள்ளிக்கிழமை லீவு. தீபாவளிக்கும் லீவு. பேய்க்கு என்னைவிட லீவு அதிகம்."

"தொழும்போது உங்க போன் எங்க இருக்கும்?" என்றார் அக்கா ஷஃபீக்கிடம்.

"சூராவுக்கு வெளிய, ஆபீஸ் தொழுகை அறைதான். எல்லாரும் ஒரு கூடையில போட்டுட்டுத்தான் உள்ள போவோம். நவமணி அக்கா பார்த்துக்குவாங்க."

"வெள்ளிக்கிழமை?"

"ஜும்ஆவுக்கு வெளிய பள்ளிவாசலுக்குப் போவோம். போன் கையோட வந்துடும்." அவர் குரல் மெதுவாகியது. தான் எதை நோக்கி நடக்கிறோம் என்று தெரிந்துவிட்டது அவருக்கு.

"தீபாவளி வாரம் யாரு லீவு?"

ஷஃபீக் திரையில் இருந்த மகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன், வழக்கம்போல் தேவைக்கு அதிகமாக. "முடிஞ்சுதுக்கா. நவமணி."

"தம்பி, வாய அளந்து பேசு!" ஷஃபீக் மேசையில் அடித்தார். "என் மகளுக்கு டெங்கி வந்தப்ப ஒரு வாரம் எங்க வீட்டுக்குச் சோறு அனுப்பினவங்க அவங்க. அவங்கள சொல்றதுக்கு நானே பண்ணினேன்னு ஒத்துக்குவேன்."

"அஞ்சு மணிக்கு அதைத்தான் செய்யப் போறீங்க, நாம இங்கயே உக்காந்திருந்தா," என்றார் ஹபீபா அக்கா, கார் சாவியை எடுத்துக்கொண்டு.

*

அக்காவின் கெரேத்தா, அதாவது அந்தப் பழைய கார், வயதில் எனக்கு அண்ணன். கடலோர நெடுஞ்சாலையில் அது முனகிக்கொண்டே போனது. பாலத்தின் மேல் மேகம் இறங்கி, அக்கரை தெரியாமல் போயிருந்தது. பின்னிருக்கையில் ஷஃபீக் வாயை அசைத்து ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

"என்ன வேஷம் அக்கா?" என்றேன்.

"தக்காஃபுல். இன்சூரன்ஸ் விக்க வந்திருக்கோம்."

"ஏன் அது?"

"இன்சூரன்ஸ் விக்கிறவங்க முகத்த யாரும் பார்க்கமாட்டாங்க. பார்த்தா வாங்கணுமே."

உண்மைதான். இரண்டாம் மாடி ஆபீசில் நாங்கள் நுழைந்ததும், எங்கள் கையில் இருந்த விளம்பரத் தாளைப் பார்த்து எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன. ஒருவர் மட்டும் எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை, வாய் நிறைய அன்பு.

"ஷஃபீக், சாப்பிட்டியா?" என்று தோளில் கைபோட்டார். "பயப்படாதே லா. அஞ்சு மணிக்கு உன் பக்கத்துல நான் உக்காருவேன்." எங்களைப் பார்த்து, "இன்சூரன்ஸா? வேணாம் தம்பி, இருக்கு," என்று என் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

"அப்துல் அஜீஸ் அண்ணன்," என்றார் ஷஃபீக். "புரொடக்‌ஷன் மேனேஜர். ஆபீஸ்ல என்னை நம்புற ஒரே ஆள்."

தொழுகை நேரம் வந்தது. நடைபாதையின் கடைசியில் சூராவ். அதற்கு வெளியே, கண்ணாடித் தடுப்பின் ஓரம், ஒரு மேசை. மேசைமேல் நீல நிறத்தில் ஒரு பாசார் கூடை. கீரையும் மீனும் போடுவதற்காகப் பிறந்த கூடை, இங்கே வந்து உத்தியோகம் பார்த்தது. ஆண்களும் பெண்களும் வரிசையாக வந்து கைப்பேசிகளை அதில் போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினார்கள். ஷஃபீக் போட்டார். அஜீஸ் போட்டார், "அக்கா, பிள்ளைங்கள பார்த்துக்குங்க" என்று சிரித்தபடி.

மேசைக்குப் பின்னால் இருந்தவர்தான் நவமணி. ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் பெரிய பொட்டு, மேசையில் முறுக்கு டப்பா. என்னிடம் டப்பாவை நீட்டினார். சந்தேக நபரிடம் முறுக்கு வாங்கித் தின்னும் துப்பறிவாளனை நான் எங்கும் படித்ததில்லை. நன்றாக இருந்தது. இன்னொன்று எடுத்தேன்.

நடைபாதை காலியானது. குளிர்சாதனத்தின் ஓசை மட்டும். கண்ணாடிக்கு அப்பால் வரிசை வரிசையாக ஆளில்லாத மேசைகள். ஷஃபீக்கின் நாற்காலியில் அவர் சட்டைமேல் போடும் ஆடை தொங்கியது, தோள் மட்டும் உள்ள ஆள்போல.

கூடைக்குள் ஒரு கைப்பேசி நடுங்கியது. நவமணி பார்க்காமலே கையை விட்டு, 'ஆம்' என்று தட்டினார். இன்னொன்று நடுங்கியது. ஆம். முறுக்கு ஒரு கையில், அனுமதி மறு கையில்.

ஹபீபா அக்கா அவர் எதிரில் உட்கார்ந்தார். "தங்கச்சி, என்ன தட்டுறீங்க?"

"அதுவா? போன வருஷத்துல இருந்து எல்லாரும் சொந்தப் போன்லயே ஆபீஸ் மெயிலு, ஆபீஸ் கம்ப்யூட்டரு எல்லாம் வச்சிக்கணும்னுட்டாங்க. அது சும்மா சும்மா 'நீதானா, நீதானா'ன்னு கேக்கும். பதில் சொல்லலன்னா லைன் அறுந்துடும், செஞ்ச வேலையெல்லாம் போயிடும். பாவம், தொழுதுட்டு வந்து முதல்ல இருந்து செய்யணும். அதான் நானே தட்டி விட்டுடுறேன்."

"யாரு நுழையறாங்கன்னு பார்ப்பீங்களா?"

"எல்லாம் நம்ம பிள்ளைங்கதானே." சொல்லும்போதே அவர் கண் ஷஃபீக்கின் காலி நாற்காலிக்குப் போனது. கை கூடையின் விளிம்பில் நின்றது. முறுக்கு மேசைமேல் விழுந்தது. "அய்யோ. ஷஃபீக் போன்ல வந்ததும் ... நானா?"

"ஆமா தங்கச்சி. நாங்க இன்சூரன்ஸ் இல்ல, ஷஃபீக்குக்காக வந்தவங்க," என்றார் ஹபீபா அக்கா.

"அந்தப் பம்புக்கெல்லாம் நானாம்மா திறந்து விட்டேன்?"

அழுதவர்களைச் சமாதானப்படுத்தும் கலை எனக்கு வராது. டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் முறுக்கு அது.

என் வழக்கு அந்த நிமிஷம் உடைந்து நொறுங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதவைத் திறந்தவர் இவர். உள்ளே போனவர் வேறு ஆள். அந்த ஆளுக்கு இந்தக் கூடையும் தெரியும், இந்த நல்ல மனசும் தெரியும்.

"தங்கச்சி, அழுவுறத அப்புறம் வச்சிக்கலாம்," என்றார் ஹபீபா அக்கா. "சொல்லுங்க. எந்தப் போன் ரொம்பத் தொல்லை?"

"எல்லாமே தொல்லைதான்." மூக்கை உறிஞ்சினார். "காமினி மேடத்துக்கு மெயில் கொட்டும். ஸ்டோர்காரருக்கு அவர் வீட்டுக்காரம்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். அஜீஸ் அண்ணன் போன் மட்டும் நல்ல பிள்ளை. ஒரு நாளும் சத்தம் போட்டதில்ல."

ஹபீபா அக்கா கூடையைப் பார்த்தார்.

"குகன்," என்றார். "தொழிற்சாலையே நடத்துற மேனேஜர். அவருக்கு ஒரு மெயில்கூட வராதா? கத்த வேண்டிய சாமான் கத்தலன்னா என்ன அர்த்தம்?"

"ஃபெயில்," என்றேன்.

கூடையில் கைவிட்டு அஜீஸின் கைப்பேசியை எடுத்தேன். மற்றவை எல்லாம் ஆள் கையின் சூட்டோடு இருந்தன. இது சில்லென்று இருந்தது. உறை புத்தம் புதுசு, அந்த மாதிரி உறையை நானே ஆயிரம் விற்றிருப்பேன். உறையைக் கழற்றினேன். முதுகு உப்பியிருந்தது. உள்ளே பேட்டரி வீங்கி, திரையை ஒரு பக்கம் பிளந்திருந்தது. சார்ஜ் போடும் துளையில் பஞ்சு அடைத்துக் கிடந்தது. உயிர் போய் மாதக்கணக்கு ஆகியிருக்கும்.

எந்தத் துப்பறியும் கதைக்கும் ஒரு பிணம் வேண்டும் என்பார்கள். எங்களுடையது கூடையில் இருந்தது.

"அப்ப உயிரோட இருக்கிற போன் எங்க?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அந்நேரம் கூடை நடுங்கியது. ஷஃபீக்கின் கைப்பேசி. உள்ளே நுழைவது நீங்கள்தானா?

ஷஃபீக் சூராவுக்குள் இருந்தார். கதவிடுக்கில் அவர் முதுகு தெரிந்தது, குனிந்து எழுவது தெரிந்தது. வரிசையின் ஓரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது.

நவமணி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "நான் தொடமாட்டேன். செத்தாலும் தொடமாட்டேன்."

"தொடுங்க," என்றார் ஹபீபா அக்கா.

"அக்கா?"

"தட்டலன்னா உஷாராயிடுவான். வழக்கம்போல தட்டுங்க. தங்கச்சி, எனக்கு அஜீஸோட நம்பர் வேணும்."

நவமணியின் விரல் போய் 'ஆம்' என்பதைத் தொட்டது.

கண்ணாடிக்கு அப்பால், காலி மேசையில், ஷஃபீக்கின் கம்ப்யூட்டர் விழித்தது. பல்லில்லாத சின்னப் பெண்ணின் சிரிப்பின்மேல் வெள்ளை அம்பு ஒன்று ஊர்ந்தது. அவசரமே இல்லை. தன் வீட்டில் நடப்பதுபோல் நடந்தது. பெட்டிகளின் பட்டியல் திறந்தது. ஒரு பெட்டியில் அம்பு நின்றது. ஃபெயில் என்ற சிவப்பு எழுத்தின்மேல் ஏறியது. நான் பார்த்த படங்களில் பேய்கள் எல்லாம் பல்லைக் காட்டும், சத்தம் போடும். இது ஒன்றும் செய்யவில்லை, நகர்ந்தது.

"அக்கா, பாஸ் போடப் போகுது," என்றேன். "பிளக்கப் பிடுங்கிடவா?"

நவமணி சொன்ன அஜீஸின் எண்ணை ஹபீபா அக்கா அழுத்தினார்.

அம்பு நின்றது.

திரையின் நடுவில், பாஸ் என்ற சொல்லுக்கு ஒரு விரல் அகலம் முன்னால், குத்தி வைத்ததுபோல் நின்றது. கூடையில் இருந்த அஜீஸின் கைப்பேசி வாயே திறக்கவில்லை. எங்கோ சுவருக்குப் பின்னால், எதன்மேலோ அதிரும் மெல்லிய உறுமல் கேட்டது.

அக்கா அழைப்பைத் துண்டித்தார். உறுமல் நின்றது. அம்பு நகர்ந்தது.

மறுபடி அழைத்தார். உறுமல். அம்பு நின்றது.

"போன்ல கால் வந்தா, போன்ல செய்ற வேலை நிக்கும்," என்றார் மெல்ல. "ஓடு."

நான் முதலில் மேசைக்கு ஓடிப் பிளக்கைப் பிடுங்கினேன், அப்புறம் உறுமலை நோக்கி ஓடினேன். சூராவின் பின்பக்கம், கைகால் கழுவும் இடத்தை ஒட்டி அவசரகாலப் படிக்கட்டு. கனத்த இரும்புக் கதவைத் தோளால் தள்ளினேன். தோள் இன்னும் வலிக்கிறது.

படியில் அப்துல் அஜீஸ் உட்கார்ந்திருந்தார். தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூச் செய்த தண்ணீர் முழங்கையில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கையில், இரும்புக் கைப்பிடியில் சாய்த்தபடி, ஒரு கைப்பேசி. அதன் வெளிச்சத்தில் அவர் முகம் நீலமாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். "இன்சூரன்ஸ் வேணாம்னு சொன்னேனே தம்பி."

"இனிமே தேவைப்படும் அண்ணே," என்றேன்.

*

அவர் பதறியிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். பதறவில்லை. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தித் திரையை அணைத்தார். பையில் போட்டுக்கொண்டார். சட்டைக் கையை இறக்கிவிட்டபடி நடைபாதைக்கு வந்தார். தொழுகை முடிந்து ஷஃபீக்கும் வந்து நின்றிருந்தார். நவமணியின் முகத்தைப் பார்த்தார், அணைந்துபோன தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார், கடைசியில் அஜீஸைப் பார்த்தார்.

"அண்ணே?" என்றார்.

"என்ன அண்ணே? படியில உக்காந்து வீட்டுக்குப் போன் பேசினேன். அது தப்பா?" அஜீஸின் குரலில் அதே அன்பு. "ஷஃபீக், மூணு மாசச் சரக்கையும் நீ நிறுத்திட்டா இந்த லைனையே வேற நாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. எத்தனை குடும்பம் தெரியுமா? சின்ன பீப் சத்தம். அதுக்காகவா?"

"அந்த பீப்புக்காகத்தான் அண்ணே அந்த மெஷினே."

"நிரூபி." எங்களைக் கையால் ஒதுக்கினார். "இவங்க வெளியாளுங்க. பொய் சொல்லி உள்ள வந்தவங்க. இவங்க பேச்சு விசாரணையில நிக்காது. பதிவுல இருக்கிறது ஒண்ணுதான்: உன் போன்ல ஆம்னு விழுந்திருக்கு. நீ தட்டலன்னா யாரு தட்டினா?" நவமணியின் பக்கம் திரும்பினார். குரல் இன்னும் இனிமையானது. "தட்டினவங்க வேலை போகும். போலீஸும் வரும். சொல்லுவியா ஷஃபீக்? உன் மகளுக்குச் சோறு ஊட்டின கையைக் காட்டிக் குடுப்பியா?"

ஷஃபீக் நவமணியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பக்கம் எங்கோ ஒரு கட்டில், இன்னொரு பக்கம் இந்த அம்மா. என்னிடம் நகைச்சுவை எதுவும் இல்லை. தேடிப் பார்த்தேன், சத்தியமாக இல்லை.

"சொல்லமாட்டேன் அக்கா," என்றார் ஷஃபீக், நவமணியிடம். "வேற வழி பார்க்கலாம். அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

"யாருக்கு நேரம் இருக்கு?" என்றார் நவமணி.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். புடவையை இழுத்துச் சொருகினார். கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், எல்லாருடைய கைப்பேசிகளோடும், அந்தச் செத்த ஒன்றோடும். அஜீஸ் வழியில் நின்றார். "விலகுங்க அண்ணே," என்றார் நவமணி. அவர் விலகிய வேகத்தைப் பார்த்தால், அந்தக் குரலை அந்த ஆபீஸ் இதற்குமுன் கேட்டதில்லை என்று தெரிந்தது.

காமினி மேடத்தின் அறைக் கதவை நவமணி தட்டவில்லை. திறந்தார். கதவு சாத்தும் முன் ஒரு வரி மட்டும் வெளியே வந்தது.

"மேடம், ஷஃபீக் இல்ல. தட்டினது நான்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே குரல் உயர்ந்தது, தாழ்ந்தது. அஜீஸ் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்து, இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹபீபா அக்கா லிஃப்ட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், தக்காஃபுல் தாளால் விசிறிக்கொண்டு. நான் படிக்கட்டுக் கதவில் சாய்ந்துகொண்டேன். என் எடையைப் பற்றி வீட்டில் குறை சொல்பவர்கள் இனிமேல் யோசித்துப் பேசவேண்டும்.

கதவு திறந்தது. காமினி மேடத்தின் கையில் அந்த உப்பிய கைப்பேசி இருந்தது. அஜீஸைப் பார்த்து, "உங்க பையில இருக்கிறத மேசைமேல வைங்க," என்றார். பிறகு ஷஃபீக்கிடம் வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்த அவரை ஷஃபீக் முடிக்கவிடவில்லை.

"எந்தெந்த ஆஸ்பத்திரி மேடம்?"

எண்கள் வந்தன. கம்பெனியின் பெயரால் பேசச் சொல்லி மேசைத் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார் காமினி. ஷஃபீக் முதல் எண்ணை அழுத்தினார். எடுத்தது வார்டு நர்ஸ், ரொஸ்னா என்று பெயர். ஷஃபீக் மலாயில் பெட்டி எண்ணைச் சொன்னார். நிறுத்துங்கள் என்றார். உடனே என்றார்.

"அது இப்ப ஒரு குழந்தைக்கு ஓடிக்கிட்டு இருக்கே," என்றது அந்தப் பக்கக் குரல்.

"மருந்து எவ்வளவு இருக்கு? பாருங்க சிஸ்டர். கண்ணால பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

காலடி ஓசை தூரமாகப் போனது. ஷஃபீக் கண்ணை மூடிக்கொண்டார். காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.

காலடி திரும்பி வந்தது, ஓட்டமாக.

"பை காலியா இருந்துது," என்றார் ரொஸ்னா. மூச்சு வாங்கியது. "சத்தமே வரல. மாத்திட்டேன். வேற மெஷின் போட்டுட்டேன்."

"குழந்தை?"

"தூங்குது."

ஷஃபீக் ரிசீவரை வைக்கவில்லை. தொடர்பை மட்டும் விரலால் அறுத்துவிட்டு அடுத்த எண்ணைத் தேடினார். கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கியது, அதைத் துடைக்க அவரிடம் கை இல்லை.

நவமணி வந்து பக்கத்து மேசைத் தொலைபேசியை இழுத்தார். வேலை போன செய்தி அவருக்கு உள்ளேயே சொல்லப்பட்டுவிட்டது, அது முகத்தில் இருந்தது. "எனக்குப் பாதி குடு ஷஃபீக்," என்றார்.

ஹபீபா அக்கா என்னைப் பார்த்தார். நானும் ஒரு தொலைபேசியின் முன் உட்கார்ந்தேன். என் மலாய் சந்தையில் மீன் பேரம் பேசத்தான் லாயக்கு. ஆனால் 'நிறுத்துங்கள்' என்ற சொல் எனக்குத் தெரியும்.

எண்ணை அழுத்தினேன். அந்தப் பக்கம் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

யாரும் எடுக்கவில்லை.